பொன்னுக்கு வீங்கி

திங்கட்கிழமையே எனக்குத் தெரியும்.
அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ராத்திரி ஒன்றரைக்குப் பிக்கப் வரும்.
ஹாரன் அடிக்காது; விளக்கை மட்டும்
இரண்டு தரம் அணைத்துக் காட்டும்.
பதினோரு பெண்கள், நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு
கேத்தி பாலாடாவில் கேரட் பிடுங்குவோம்.
பனி உறைந்த இலை
கையில் கண்ணாடியாய் நொறுங்கும்.
ஏழரைக்கு வீடு. ஒன்பதுக்குத் தேயிலை.
இரவில் அவனைத் தாழ்ப்பாள் பார்த்துக்கொள்ளும்,
பகலில் பள்ளிக்கூடம்.

அன்று நெற்றியைத் தொட்டேன்.
அவன் சுடுகிறானா, என் விரல்தான் மரத்துக் கிடக்கிறதா,
தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டேன்.
காதுக்குக் கீழே ஒரு பக்கம்
புளித்த மாவாய் உப்பியிருந்ததற்கு
என்ன சொல்லிக்கொள்வது?
குரங்குக் குல்லாவைத் தாடைவரை இழுத்துவிட்டேன்.
அரை மாத்திரை, ஒரு டம்ளர் சாயத்தண்ணி.
"மிஸ் கேட்டா பல்வலின்னு சொல்லு."

வீட்டில் நிறுத்தினால்
எனக்குக் கூலி இல்லை,
அவனுக்குக் காலை உப்புமா இல்லை,
மத்தியான முட்டை இல்லை.
கணக்கு சரியாகத்தான் வந்தது.
பக்கத்து பெஞ்சை நான் கூட்டவில்லை.

செவ்வாய்க்கிழமை எஸ்தர் மிஸ்
குல்லாவைக் கழற்றிப் பார்த்தார்.
அவரே கைபிடித்து மேடேறிக் கூட்டிவந்தார்.
"வீங்கின நாள்லேர்ந்து அஞ்சு நாள்.
வெளியே விடாதீங்க."
திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.

புஷ்பகாந்தி தன் கழுத்துச் செயினைக் கழற்றினாள்.
நாலு கிராம்.
எங்கள் லயத்தில் அடகுக்குப் போகாத ஒரே தங்கம்.
"பொன்னு போட்டாத்தான் வத்தும்" என்று
என் பிள்ளை கழுத்தில் மாட்டினாள்.
தங்கத்தால் ஒன்றும் ஆகாது என்றார் நர்ஸ்.
எதனாலோ, வற்றியது.
திலக்சன் பள்ளிக்கூடம் போனான், முட்டை தின்றான்.
நான் மறந்தேன்.

பதினேழாம் நாள்
புஷ்பகாந்தியின் துவாரகா.
அடுத்த நாள் ரொசாரியோ வீட்டு ஜான்சி.
அன்று சாயங்காலமே
பிக்கப் ஓட்டும் சந்தனத்தின் கடைக்குட்டி,
இரண்டு பக்கமும், தவளை மாதிரி.

"மூணையும் என் வீட்ல விடுங்க" என்றேன்.
"எம்புள்ளைக்குத்தான் வந்து போயிடுச்சே."

அந்த அஞ்சு நாளும் நான் கேரட்டுக்கும் போகவில்லை,
தேயிலைக்கும் போகவில்லை.
கஞ்சி வடித்து, ஆற்றி, ஸ்பூனால் ஊட்டினேன்.
சிரித்தால் வலிக்கும் என்பதாலேயே சிரித்தார்கள்.
ஜான்சி மிஸ்ஸாகி அட்டெண்டன்ஸ் எடுத்தாள்;
தாடை திறக்காத "உள்ளேன் மிஸ்"
மூக்கு வழியாக வந்தது.
திலக்சன் மத்தியான முட்டையைச்
சட்டைப்பையில் போட்டுக் கொண்டுவந்து
நாலாகப் பிய்த்தான்.
மஞ்சள் கருவுக்குச் சண்டை.
செயின் கழுத்து மாறிக்கொண்டே இருந்தது.

கூலியில் ஆளுக்கு எழுபது ரூபாய் பிரித்துத் தர வந்தார்கள்.
வேண்டாம் என்றேன்.
"பொன்னான மனசு உனக்கு" என்றாள் ஜான்சியின் அம்மா,
ஒரு படி அரிசியை அடுப்படியில் வைத்துவிட்டு.
அரிசியை எடுத்துக்கொண்டேன்.
அதையும் சொல்லிவிடுகிறேன்.

நாலாம் நாள் ராத்திரி, வேலைக்குக் கிளம்புமுன்,
புஷ்பகாந்தி மகளுக்குப் போர்த்திவிட்டாள்.
செயினின் கொக்கியைத் தடவித் தடவிப் பூட்டியபடி
என்னைப் பார்க்காமல் சொன்னாள்:
"குல்லா போட்டு அனுப்புனியே, அன்னிக்கு.
நல்ல வெயிலு அன்னிக்கு."

அடுப்பில் ஒன்றும் இல்லை.
இருந்தாலும் போய்க் கிளறினேன்.

வெளியே பிக்கப்
விளக்கை அணைத்து ஏற்றியது.
அவள் நெற்றி டார்ச்சை இறுக்கிக்கொண்டு எழுந்தாள்.
"நாளைக்கு மோர் ஊத்தாத" என்றாள் வாசலில்,
"புளிப்பு பட்டா துடிக்கிறா."